சம்மட்டி அடி வாங்கும் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குறடு அடிப்பது பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடுத்த படியைக் கேட்கின்றன. ஃபுல்லர், ஸ்வேஜ், ஃப்ளாட்டர், செட் சுத்தியல், சூட்டு உளி இதையெல்லாம் நாமே அடித்துக்கொள்ள முடியுமா என்று. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: உலையில் சிவக்கக் காய்ந்த இரும்பின் மேல் வைத்து, தலையில் சம்மட்டியால் அடித்து, கீழே இருக்கும் இரும்புக்கு உருவம் கொடுக்கும் கனமான கருவிகள் இவை. ஃபுல்லர் பள்ளம் போடும், ஸ்வேஜ் உருட்டும், ஃப்ளாட்டர் மேடு பள்ளத்தைச் சமப்படுத்தும், செட் சுத்தியல் உள்மூலையைக் கூராக்கும், சூட்டு உளி வெட்டும். இந்த முறை முழுக்க இவைதான்.

கேள்வி: ஒன்றரை வருடமாகப் பொழுதுபோக்காகப் பட்டறை வேலை செய்கிறேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகள் நிறையக் கிடக்கின்றன. அதிலேயே ஃபுல்லர், ஃப்ளாட்டர் எல்லாம் செய்துவிடலாமா, இல்லை விலை கொடுத்து நல்ல கருவி எஃகு வாங்கினால்தான் நிற்குமா?

பதில்: இந்தக் கருவிகள் தொடப்போவது காய்ந்த இரும்பை என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறத்தில் இருக்கும் இரும்புக்கு, ஆறிய பிறகு இருக்கும் பலத்தில் மிகச் சிறிய பங்குதான் இருக்கும். அதன் மேல் ஆறிய, சாதாரண எம்.எஸ். இரும்பை (கார்பன் குறைந்த மென்மையான எஃகு) வைத்து அடித்தால்கூட அதுதான் நசுங்கும், இது நசுங்காது. அதனால் ஸ்வேஜ், ஃபுல்லர், ஃப்ளாட்டர் மூன்றையும் எம்.எஸ். கம்பியில் அடித்து வருடக்கணக்கில் ஓட்டலாம். தலை கொஞ்சம் விரியும், முகம் கொஞ்சம் தேயும், எப்போதாவது காய்ச்சித் தட்டி அரம் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். கருவி எஃகு, கருவி எஃகு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, கனமும் வடிவமும்தான் இங்கே வேலை செய்கின்றன என்பதே மறந்துபோய்விட்டது. என் பட்டறையில் அதிகம் புழங்கும் மேல் ஸ்வேஜ் ஒரு பழைய எம்.எஸ். தண்டில் அடித்ததுதான்.

வெட்டுகிற, துளைக்கிற கருவிகள் மட்டும் வேறு கதை. சூட்டு உளி, கண் (காம்பு நுழையும் துளை) போடும் பஞ்ச் இரண்டின் நுனியும் மெல்லியது, அதுவும் சூடான இரும்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே எம்.எஸ். வளைந்து மடங்கிவிடும். நடுத்தர கார்பன் எஃகாவது வேண்டும், கையில் எச்13 என்ற கருவி எஃகு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் சுமார் 5 சதவீதம் குரோமியமும், கூடவே மாலிப்டினமும் வனேடியமும் இருப்பதால் நுனி சிவந்தாலும் சட்டென்று பலம் இழக்காது. சூடாக இருக்கும் எச்13-ஐத் தண்ணீரில் முக்காதீர்கள், விரிசல் விடலாம். காற்றிலேயே ஆறட்டும்.

சரி, ஸ்பிரிங் பட்டைக்கு வருகிறேன். எஃகு நல்ல எஃகுதான், பெரும்பாலும் 0.6 சதவீதம் அளவில் கார்பன் இருக்கும். ஆனால் பட்டையின் தடிமன் ஒரு விரல் அளவுகூட வராது, நமக்கு வேண்டியது 40, 45 மி.மீ. கனம். நாலு பட்டையை அடுக்கி உலையிலேயே ஒட்டவைக்கலாமே என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒட்டலாம். சம்மட்டி அடியில் முதலில் வாய் பிளப்பதும் அந்த ஒட்டுதான். பட்டையைச் சிறு உளிகளுக்கும், இரண்டு ஸ்வேஜை இணைக்கும் வில்லுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அரத்தால் சுத்தம் செய்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது.

கனமான கருவிக்குப் பழைய வண்டி ஆக்ஸில் தண்டு நல்ல தேர்வு. வாங்குவதாக இருந்தால் 0.45 சதவீதம் கார்பன் உள்ள 1045 வகை எஃகு, அல்லது ஏறக்குறைய அதே அளவு கார்பனோடு 1 சதவீதம் குரோமியம் சேர்ந்த 4140. கையில் இருப்பது என்ன இரும்பென்று தெரியாவிட்டால் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு துண்டு அடித்து நீட்டி, காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, வைஸில் பிடித்து மேலே கனமான துணியைப் போட்டுச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பட்டென்று ஒடிந்தால் கார்பன் அதிகம். முழுக்க வளைந்து கொடுத்தால் எம்.எஸ். முரண்டு பிடித்து, கொஞ்சம் வளைந்து, பிறகு ஒடிந்தால் நாம் தேடுவது அதுதான்.

துத்தநாக முலாம் பூசிய இரும்பை மட்டும் உலைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், நம் உலைச் சூடு அதைத் தாண்டியது. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

கேள்வி: ஒன்றரை கிலோ எடையில் ஒரு சுத்தியல் தலை வேண்டும். எவ்வளவு நீளம் வெட்டுவது? ஒவ்வொரு தடவையும் குத்துமதிப்பாக வெட்டி, ஒன்று அதிகமாகிறது, இல்லை குறைகிறது.

பதில்: கணக்கு எளிது. எஃகு ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராம். 45 மி.மீ. சதுரக் கம்பி என்றால் 4.5 × 4.5 × 7.85, ஒரு செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 159 கிராம். 50 மி.மீ. உருட்டுக் கம்பி என்றால் 154 கிராம். உலையில் செதிலாக உதிர்வது, கண்ணிலிருந்து விழும் துண்டு, கடைசியில் சாணை தின்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 கிராம் கூட வைத்து 1.6 கிலோவுக்கு வெட்டுங்கள். சதுரத்தில் 10 செ.மீ., உருட்டில் பத்தரைக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற ஆரம்பக்காரர் என்றால் இன்னும் அரை செ.மீ. சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை, குறைப்பது சுலபம்.

ஆனால் இது சுத்தியலுக்கு. தலையில் அடி வாங்கும் மேல் கருவிக்கு இவ்வளவு கனம் எப்போதும் தேவையில்லை. அடிக்கிற சம்மட்டி 3 கிலோ என்றால் கருவி ஒரு கிலோ சுற்றி இருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கருவி சம்மட்டியின் எடையை நெருங்கினால் அடி கருவியிலேயே செத்துவிடும், கீழே இருக்கும் இரும்புக்குப் போய்ச் சேராது.

கேள்வி: அண்ணா, மூன்று சுத்தியல் செய்து பார்த்துவிட்டேன். மூன்றிலும் கண் கோணல். ஒரு பக்கச் சுவர் தடிப்பு, மறு பக்கம் தகடு மாதிரி. டிரில் போட்டே துளைத்துவிடலாமா என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: டிரில் போட்டால் பாவம் ஒன்றும் இல்லை, தங்கையே. இரண்டு துளை போட்டு நடுவை அரத்தால் எடுத்து, பிறகு காய்ச்சி டிரிஃப்ட் (கண்ணை விரித்து உருவம் கொடுக்கும் கூம்புத் தண்டு) இறக்கினால் கண் நேராகவே வரும். ஆனால் மூன்று தடவை கோணியும் விடாமல் கேட்கிறீர்கள் என்றால் பஞ்சில் போடத்தான் ஆசை என்று எடுத்துக்கொள்கிறேன். பஞ்சில் போடும்போது இரும்பு வெளியே போகாமல் பக்கவாட்டில் ஒதுங்குகிறது, அதனால் கண்ணைச் சுற்றிய சுவர் புடைத்துப் பலமாக நிற்கும்.

கோணலுக்கு நான் பார்த்த முதல் காரணம் பஞ்சும் இல்லை, கையும் இல்லை, சூடு. 45 மி.மீ. கட்டி வெளியே மஞ்சளாகத் தெரியும்போது உள்ளே இன்னும் சிவப்பாகவே இருக்கும். அதுவும் உலையில் ஒரு பக்கமாகக் காய்ந்திருந்தால், பஞ்ச் சூடான பக்கத்தைப் பார்த்து ஓடும். வெளியே நிறம் வந்த பிறகும் காற்றைக் குறைத்து வைத்து, புரட்டிப் புரட்டி இன்னும் சில நிமிடம் ஊறவிடுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் கண் கோணும் என்பது என் அபிப்பிராயம், முதல் ஐந்து வருடம் எனக்கும் கோணியது.

இரும்பு ஆறியிருக்கும்போதே இரண்டு பக்கமும் நடுக்கோடு போட்டு, கண்ணின் இரு முனையிலும் சென்டர் பஞ்சால் ஆழமாகப் புள்ளி குத்திவிடுங்கள், சிவந்த பிறகு கோடு தெரியாது, புள்ளி தெரியும். பஞ்சின் நுனி 20 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன், முனைகள் உருண்டு இருக்கட்டும். காய்ந்ததும் பஞ்சை வைத்து ஒரே ஒரு லேசான அடி. எடுத்துவிடுங்கள். தடம் நடுவில் இருக்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள், இப்போது நகர்த்த முடியும், மூன்று அடிக்குப் பிறகு முடியாது. நடுவில் இருந்தால் அப்புறம் பலமாக மூன்று, நாலு அடி. உடனே வெளியே எடுத்துப் பஞ்சை ஆறவைத்து, பள்ளத்துக்குள் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டு மறுபடி. கரித்தூள் புகையாகிப் பஞ்சைத் தூக்கிக் கொடுக்கும், ஒட்டவிடாது. பஞ்சை உள்ளேயே விட்டு ஏழெட்டு அடி அடித்தால் நுனி சிவந்து உள்ளேயே காளானாக விரிந்து மாட்டிக்கொள்ளும், அதை வெளியே எடுப்பது தனி வேலை.

முக்கால் ஆழம் போனதும் அடியின் சத்தம் மாறும், கீழே இருக்கும் பட்டறைக்கல்லையே (இரும்பை வைத்து அடிக்கும் கனமான இரும்புக் கட்டி) அடிப்பது மாதிரி கையில் தெரியும். அப்போது புரட்டிப் போடுங்கள். அடியில் மெல்லிய தகடாக மிஞ்சியிருக்கும் இடம் பட்டறைக்கல்லில் பட்டு முதலில் ஆறியிருப்பதால், சிவப்புக்கு நடுவே கறுப்புத் தடமாகத் தெரியும். பஞ்ச் அங்கே. ஒன்றிரண்டு அடியில் பிடித்துக்கொண்டதும் கல்லின் துளைக்கு நேராக நகர்த்தி அடித்தால் சின்னத் துண்டு ஒன்று கீழே விழும். அந்த நேரம் இருக்கும் திருப்தி சொல்லித் தீராது.

டிரிஃப்டை இரண்டு பக்கத்திலிருந்தும் இறக்குங்கள். நடுவில் கொஞ்சம் இடுங்கி, இரண்டு வாயும் விரிந்து, உடுக்கை மாதிரி கண் அமையும். ஆப்பு அடித்த காம்பு அதில் பூட்டு விழுந்தது போல நிற்கும். டிரிஃப்ட் உள்ளே இருக்கும்போதே பக்கச் சுவர்களை லேசாகத் தட்டிச் சமப்படுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கோணினால் ஒரு வித்தை இருக்கிறது. முழுக்கக் காய்ச்சி எடுத்து, மெல்லிய சுவரை மட்டும் பட்டறைக்கல்லின் ஓரத்தில் சாய்த்து அது கறுக்கும் வரை வைத்திருந்து, உடனே டிரிஃப்டை இறக்குங்கள். ஆறிய சுவர் நகராது, சூடான தடித்த சுவர்தான் இழுபடும். தண்ணீர் ஊற்றி ஆறவைப்பவர்களும் உண்டு. எம்.எஸ். என்றால் பரவாயில்லை, கலப்பு எஃகில் அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: உதவிக்கு ஆள் இல்லை. ஒரு கையில் குறடு, ஒரு கையில் சுத்தியல். மூன்றாவது கை இருந்தால்தான் மேல் கருவியைப் பிடிக்க முடியும். என்னைப் போன்றவனுக்கு இதெல்லாம் எதற்கு?

பதில்: நியாயமான கேள்வி. மேல் கருவிகள் இரண்டு பேர் வேலைக்காகப் பிறந்தவை. ஒருவர் இரும்பையும் கருவியையும் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டி போட வேண்டும். தனியாள் என்றால் நான் வரிசையை மாற்றுவேன். முதலில் கீழ்க் கருவிகள், அதாவது பட்டறைக்கல்லின் சதுரத் துளையில் கால் இறங்கி நிற்கும் ஹார்டி வகைகள். கீழ் ஃபுல்லரின் மேல் இரும்பை வைத்து மேலே சுத்தியலால் அடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும், கைகளும் போதும். அடுத்து, மேலும் கீழும் ஒரே வில்லில் இணைந்த ஸ்பிரிங் ஸ்வேஜ். அது தானே திறந்துகொள்ளும், தானே நேராக நிற்கும். இதற்குத்தான் முதல் வாசகரின் லாரிப் பட்டை.

மேல் கருவிதான் வேண்டும் என்றால், இரும்பின் மேல் ஒரு கனமான சங்கிலியைப் போட்டு, அதன் நுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டோ காலால் மிதித்தோ இரும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, கருவியை ஒரு கையிலும் ஒன்றரை, இரண்டு கிலோ சுத்தியலை மறு கையிலும் எடுத்துக்கொள்ளலாம். கருவியை 30 மி.மீ. கம்பியில் சின்னதாக அடித்துக்கொள்ளுங்கள், அரைக் கிலோ சுற்றி இருந்தால் போதும். கண் போடும் தலைவலியும் வேண்டாம். கருவியின் இடுப்பில் சுற்றிலும் ஒரு பள்ளம் போட்டு, 8 மி.மீ. கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டால் அதுவே பிடி. கம்பிப் பிடி அதிர்ச்சியைக் கைக்கு ஏற்றாது, மரக்காம்பு போலக் கருகாது. நல்ல பட்டறைகளிலும் இதைப் பார்க்கலாம், தற்காலிக ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

கேள்வி: 4140 எஃகில் செட் சுத்தியல் செய்தேன். முழுவதும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுத் துவைச்சல் கொடுத்தேன். இரண்டாம் நாளே தலையிலிருந்து ஒரு சில்லு தெறித்துவிட்டது. எஃகு கலப்படமா?

பதில்: எஃகின் மேல் பழி போட வேண்டாம். நீங்கள் செய்தவற்றில் இரண்டு தவறு, அதில் ஒன்று ஆபத்தானது.

ஆபத்தானது எது என்றால், தலைக்கும் துவைச்சல் கொடுத்தது. சம்மட்டி முகம் கடினம், அது வந்து மோதும் தலையும் கடினம் என்றால் இரண்டில் ஒன்று சில்லாகத் தெறித்தே தீரும். அடி வாங்கும் தலை எப்போதும் மென்மையாகவே இருக்க வேண்டும். அது காளானாக விரியத்தான் செய்யும், விரிய விரிய ஓரத்தைச் சாணையில் எடுத்துவிட வேண்டும். அந்தக் காளான் ஓரமும் ஒருநாள் தெறிக்கும். என் முழங்கையில் மிளகு அளவில் ஒரு தழும்பு இருக்கிறது, சாணை பிடிக்கச் சோம்பல்பட்ட ஒரு நாளின் நினைவு. கண்ணில் கண்ணாடி இருந்தது, அதனால் இன்று இதை எழுதுகிறேன். தலையைச் செய்யும்போதே ஓரங்களை நன்றாகச் சரித்து, நடுவில் மெல்லிய குமிழ் விட்டு அடித்தால் அடி நடுவில் விழும், கருவியும் கையில் திரும்பாது.

இரண்டாவது, 4140 எண்ணெயில் ஆறவைக்க வேண்டிய எஃகு. தண்ணீரில் விரிசல் விடும். லேசாகச் சூடாக்கிய எண்ணெய், ஐம்பது அறுபது டிகிரி, போதும். பச்சைத் தண்ணீர் 1045 வகைக்குத்தான்.

அதற்கும் முன்னால், உங்களுக்குத் துவைச்சல் தேவைதானா என்று கேட்பேன். காய்ந்த இரும்பின் மேலேயே வாழப்போகும் கருவிக்கு நீங்கள் பாடுபட்டுக் கொடுத்த பதம், நாலு காய்ச்சல் வேலையில் சூடேறி இறங்கிவிடும். என் ஃபுல்லர், ஃப்ளாட்டர் எதற்கும் நான் துவைச்சல் கொடுப்பதில்லை. அடித்து முடித்ததும் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேலே காய்ச்சி அசையாத காற்றில் ஆறவிடுவதை மூன்று தடவை செய்கிறேன், ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில். அதிகச் சூட்டில் பருத்துப்போன எஃகின் உள்மணி (படிகத் துகள்) சிறுத்து, எஃகு உறுதியாகிவிடும். 4140 இப்படிக் காற்றில் ஆறியதிலேயே தேவையான அளவு பலம் வந்துவிடும்.

கையில் பிடித்து அடிக்கும் சுத்தியலுக்கு மட்டும் முகத்தில் துவைச்சல் வேண்டும். காந்தம் விடும் இடம் 770 டிகிரி, அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம், 1045-க்கு 830, 840 வரை போக வேண்டும். நிழலில் பாருங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். முகத்தை இரண்டு, இரண்டரை செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீரில் இறக்கி, நிறுத்தாமல் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரே ஆழத்தில் பிடித்தால் தண்ணீர்க் கோட்டில் விரிசல் விழும், ஆட்டாவிட்டால் முகத்தில் நீராவிப் படலம் கட்டி நடு மட்டும் மென்மையாகவே நின்றுவிடும். தண்ணீர் ஒரு வாளி நிறைய இருக்க வேண்டும், சொம்புத் தண்ணீர் உடனே கொதித்துவிடும். அப்புறம் முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சிவக்கக் காய்ச்சிய டிரிஃப்டைக் கண்ணுக்குள் சொருகுங்கள். சூடு கண்ணிலிருந்து இரண்டு முகத்தையும் நோக்கி ஊரும். முகத்தில் வைக்கோல் மஞ்சள் வந்து, அது கறுத்து, 240 டிகிரி சுற்றில், பழுப்பைத் தொடும் நேரத்தில் தண்ணீரில் போட்டு நிறுத்துங்கள். கண்ணைச் சுற்றி நீலத்தையும் தாண்டியிருக்கும். இருக்கட்டும், அங்கே மென்மைதான் வேண்டும்.

கேள்வி: எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கண் போடும் பஞ்ச், அப்புறம் டிரிஃப்ட். இவை இரண்டும் இல்லாமல் மற்றதற்குக் கண் வராது. மூன்றாவதாக ஒரு ஃபுல்லர், அது வந்துவிட்டால் மீதியை அடிப்பது பாதி நேரத்தில் முடியும். ஃப்ளாட்டரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 50 மி.மீ. கம்பியின் நுனியைக் குத்தவைத்து அடித்து 70 மி.மீ. முகமாக விரிப்பது தனியாளுக்கு முதுகை ஒடிக்கும் வேலை, நேராக விரியாமல் ஒரு பக்கம் சரிந்துகொண்டே வேறு போகும்.

கேள்வி: வாங்கி வந்த பழைய ஃப்ளாட்டரில் காம்பு ஆடுகிறது. ஆப்பே இல்லை. முன்பு வைத்திருந்தவர் அலட்சியக்காரரா?

பதில்: விவரம் தெரிந்தவர். சம்மட்டி அடி வாங்கும் கருவிக்குக் காம்பு என்பது பிடித்து நிறுத்த மட்டும்தான், வீசுவதற்கு இல்லை. இறுக்கி ஆப்பு வைத்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் மணிக்கட்டுக்கு வரும், காம்பும் சீக்கிரம் ஒடியும். கழன்று விழாத அளவுக்குப் பிடித்தால் போதும். அந்தக் கருவியைத் தூக்கி வீசி அடிக்க மட்டும் கூடாது.

கேள்வி: நானே செய்த ஹார்டி உளி பட்டறைக்கல்லின் துளையில் இறுகிக்கொண்டது. எண்ணெய் விட்டும் வரவில்லை.

பதில்: காலை ஆப்பு மாதிரி கூம்பாக அடித்திருப்பீர்கள். ஒவ்வொரு அடியும் அதை இன்னும் உள்ளே இறக்கும், அப்படியே போனால் கல்லின் வாலே விரிசல் விடலாம். கீழேயிருந்து ஒரு பித்தளைத் தண்டை வைத்துத் தட்டுங்கள், வந்துவிடும். பிறகு காலை அரத்தால் நேராக்கி, துளையில் சற்றுத் தளர்வாக இறங்கும்படி செய்யுங்கள். எடையைத் தாங்க வேண்டியது கால் இல்லை, கல்லின் முகத்தில் உட்காரும் தோள். தோள் சரியாக உட்கார, மேல் பகுதியைச் சிவக்கக் காய்ச்சி, காலைத் துளையில் விட்டு மேலே நாலு அடி அடித்தால் கல்லின் முகத்துக்குத் தகுந்தபடி தானே படிந்துகொள்ளும். வெட்டி முடித்த கையோடு அந்த உளியைக் கழற்றிக் கீழே வையுங்கள். அதைத் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த இரும்பை எடுத்து வந்து அடித்தால், சுத்தியல் பிடித்த கை இறங்குவது அதன் மேல்தான்.